பதினோராம் தேதி சத்தியம் செய்தவர்

“மேற்படி மனுதாரர் இன்று என் முன்பாக நேரில் வந்து, இதில் கண்டவற்றை வாசிக்கக் கேட்டு, உண்மையென ஒப்புக்கொண்டு, சத்தியம் செய்து, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார். சித்தூர், பதினோராம் தேதி, வியாழக்கிழமை.”

தெலுங்கில் அச்சான ஓர் அஃபிடவிட்டின் கடைசி வாக்கியம் இது. தமிழில் மாற்றியது நான். மேற்படி மனுதாரர் என் அக்கா. அந்த வியாழக்கிழமை அவள் சித்தூரில் இல்லை. திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இடது காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்க, புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தாள். அவள் யார் முன்பாகவும் போகவில்லை. யாரும் அவளுக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. அவள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, சத்தியம் செய்யவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எங்கேயும் ரேகை வைத்ததும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஐந்து பொய். சரியாக இருப்பவை ஊரும் தேதியும்தான்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. வந்த வினையே ஒரு பெயரால் வந்தது.

அக்கா நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அந்த மாதம் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டில் துணி அலசிவிட்டு எழுந்தபோது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு தொடையோடு சேரும் இடத்தில் முறிவு. அன்று பிற்பகலே அவள் மகன், என் மருமகன், திருப்பதிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தான். சனிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. அரசு மருத்துவ அட்டையில் செலவில்லாமல் செய்து கொள்ளலாம். புதன்கிழமை சாயங்காலம் அந்த அட்டை திரும்பி வந்தது. அதில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லை, கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றார்கள்.

ஏன் ஒன்றாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்களைப் போல நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் தலைமுறைகளாக விவசாயம் செய்யும் தமிழ்க் குடும்பங்களில் அப்பாவின் பெயரிலிருந்தோ கணவரின் பெயரிலிருந்தோ முதல் எழுத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். தெலுங்குக்காரர்களுக்கு இன்டி பேரு உண்டு, வம்சம் வம்சமாக வரும் வீட்டுப் பெயர். அரசாங்கப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடக்கூடாது. எங்கள் ஊரில் மருத்துவ அட்டைக்குக் கணக்கெடுக்க வந்தவர் இரண்டு வீடு கேட்டுப் பார்த்தார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று சொன்னார்கள். மூன்றாம் வீட்டிலிருந்து அவர் கேட்பதையே விட்டுவிட்டார். தெலுங்கில் பல வீட்டுப் பெயர்கள் ஊர்ப் பெயர்களாகத்தானே இருக்கின்றன என்று, கிராமத்தின் பெயரையே எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் வீட்டுப் பெயராக எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆதாரில் முன்னெழுத்து மட்டுமே இருந்தது. ஒரே சாயங்காலத்தில் ஊரில் இருந்த தமிழர்கள் எல்லாரும் காகிதத்தில் ஒரு வம்சம் ஆனோம்.

அட்டை வந்த அன்று அக்கா சிரித்ததை என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். “எதிர் வீட்டுக்காரி இப்போ எனக்குப் பங்காளிடா. அவ புள்ளைக்கு என் பொண்ணக் கேட்டுக்கினு வந்தா, ஒரே குலம், கொடுக்கறது இல்லன்னு சொல்லிடலாம்.” அன்று நானும் சிரித்தேன். திருத்த மனு போடு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தேதி தேதியாக எழுதி வைக்கிறவன்தான், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

புதன்கிழமை ஆறரைக்கு மருமகன் போன் செய்தான்.

“மாமா, இரண்டு பேரும் ஒரே ஆளுதான்னு அஃபிடவிட் வேணுமாம். சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்குள்ள மேசைல கொடுக்கணும். இல்லாட்டி அடுத்த லிஸ்ட் புதன்கிழமைதான். டாக்டரு, ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போனா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும்ன்றாரு. நீங்க கோர்ட்டுப் பக்கத்துல தான இருக்கீங்க?”

பக்கத்தில்தான் இருக்கிறேன். சித்தூரில் என் வீட்டிலிருந்து நீதிமன்ற வளாகத்துக்கு நடந்து போக ஒன்பது நிமிடம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வளாகத்துக்குப் போகாத வாரம் எனக்குக் குறைவு. வழக்கு ஒன்றும் இல்லை. அலுவலகக் காகிதங்களில் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வக்காலத்து, ஜப்தி, தாசில், வாய்தா இவையெல்லாம் அரபி, பாரசீக வழியில் வந்தவை. சாவி, ஏலம், அலமாரி போர்த்துக்கீசியரோடு வந்தவை. லத்தீனிலிருந்து வந்தவை அந்த நோட்டில் பதினான்கு பக்கம். அதற்காகவே பழைய புத்தகக் கடையில் ஒரு லத்தீன் இலக்கண நூல் வாங்கி, பள்ளிக்கூடப் பையனைப் போல வினைத் திரிபுகளை எழுதி எழுதிப் படித்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு வளாகத்துக்கு வெளியே, மதிற்சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்டுகளிடம் போனேன். தட்டச்சு இயந்திரம் போய் மடிக்கணினியும் பிரிண்டரும் வந்துவிட்டன, பெயர் மட்டும் மாறவில்லை. எனக்குப் பழக்கமானவர் மூன்றாம் மேசை. ஐம்பது வயது இருக்கும். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார்.

“ஆளு யாரு சார்?”

“என் அக்கா. திருப்பதில ஆஸ்பத்திரில இருக்கறாங்க. கால் ஒடைஞ்சிருக்குது.”

“அய்யோ பாவம். சரி, ஆதார் ஜெராக்ஸ், கார்டு ஜெராக்ஸ் கொடுங்க. பத்து நிமிஷம்.”

“நோட்டரி திருப்பதிக்கு வருவாரா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு?”

“அவங்க வர முடியாதே. அவர் முன்னாடி தான சத்தியம் பண்ணணும்?”

“இங்க யாரு சார் சத்தியம் பண்றாங்க? அஃபிடவிட் தான பண்றாங்க.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். என் டைப்பிஸ்ட் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் நோட்டரியின் கையெழுத்து, முத்திரை, அன்றைய தேதி எல்லாம் ஏற்கனவே இருந்தன. மேலே பாதிப் பக்கம் வெற்றிடம். அன்று காலை ஒன்பதரைக்கு வந்த கட்டு என்றும், மாலைக்குள் தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். அதாவது, யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே, அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று சாட்சி தயாராக இருந்தது.

“அஃபிடவிட்டுன்னா லத்தீன்ல இன்னா அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? ‘சத்தியம் செய்துவிட்டார்’.”

“செய்துவிட்டார் தான சார்? முடிஞ்சு போச்சு. முடிஞ்சதுக்கு ஆளு எதுக்கு?”

இந்த முறை அந்த வரிசை முழுவதும் சிரித்தது. மதிலோரம் மோர் விற்கும் அம்மாளும் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இப்படி ஒரு தாள் எனக்கு வேண்டாம் என்று தெலுங்கில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். ஜெராக்ஸ் தாள்கள் அவர் மேசையிலேயே கிடந்தன. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அந்தக் கோபத்தின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் அந்தச் சொல் ஓர் அபூர்வமான வினை. என்னிடம் இருக்கும் லத்தீன் அகராதியில் அது இல்லை. ரோமாபுரிக்காரர்கள் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது ஃபீதோ, ‘நம்புகிறேன்’ என்பது. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. நிகழ்காலத்தில் செய்வினை போல நடந்துவிட்டு, இறந்தகாலத்துக்குப் போனதும் செயப்பாட்டுவினையின் உடையைப் போட்டுக்கொள்ளும். நம் சொல் வேறு. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், இடைக்கால லத்தீனுக்கென்று இருக்கும் தடித்த அகராதியில்தான் அதைக் கண்டேன். கோயில் காரியங்களிலும் வழக்குகளிலும் வாக்குக் கொடுக்கிறவர்களுக்காகப் பின்னாளில் உண்டான சொல். அஃபிதோ, அஃபிதாரே, அஃபிதாவி, அஃபிதாத்தும். ‘அத்’ என்றால் நோக்கி, ‘ஃபிதேஸ்’ என்றால் நம்பிக்கை, வாக்கு. தன் வாக்கைப் பணயமாக வைத்து ஒன்றைச் சொல்வது. நம் ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சொல்வது போல என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

திரிபுகளில் சிக்கல் இல்லை. முதல் வகுப்பு வினை, தச்சன் இழைத்த பலகை போல நேராகப் போகும். அஃபிதாவி, நான் சத்தியம் செய்துவிட்டேன். அஃபிதாவிஸ்தி, நீ செய்துவிட்டாய். அஃபிதாவித், அவர் செய்துவிட்டார். அஃபிதாவிமுஸ், நாம். அஃபிதாவிஸ்திஸ், நீங்கள். அஃபிதாவேருந்த், அவர்கள். இந்த ஆறில் ஐந்து செத்துவிட்டன. மூன்றாவது மட்டும் கடல் கடந்து, ஆங்கிலேயர் நீதிமன்றத்தோடு வந்து, சித்தூர் மதிற்சுவர் ஓரத்தில் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்த வியாழக்கிழமை அது போய்விட்டது. ஒரு சொல்லின் உள்ளே இருந்த ஆளையும் வாக்கையும் எடுத்துவிட்டு, தோலை மட்டும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள் என்று அன்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்து நன்றாக இருந்தது. அக்காவின் கால் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டும்போது எட்டேகால். திருப்பதியில் ஒரு நோட்டரியைப் படுக்கைக்கே அழைத்துப் போய், அக்கா வாயாலேயே சொல்ல வைப்பது என் திட்டம். நான்கு பேரைப் பார்த்தேன். மூன்று பேர் ஜெராக்ஸ் கொடுங்கள், பத்து நிமிடம் என்றார்கள். நான்காவது ஒரு பெண் வழக்கறிஞர், நரைத்த தலை. நான் தெலுங்கில் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“நீங்கள் சொல்வதுதான் சரி. ஆளைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.”

“அப்படியானால் வருவீர்களா அம்மா?”

“கட்டாயம் வருகிறேன். இன்று சாயங்காலம் வரை கோர்ட். நாளைக்குப் பலமனேரில் அண்ணன் மகள் கல்யாணம். திங்கள்கிழமை காலை முதல் வேலை உங்களுடையது.”

அந்த ஊரில் நான் கண்ட ஒரே நேர்மையான நோட்டரிக்குத் திங்கள்கிழமைதான் நேரம் இருந்தது. அறுவை சிகிச்சை சனிக்கிழமை.

மருத்துவமனை மேசையில் இருந்த பெண்ணிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினாள். “சார், நான் வேணாம்னு சொல்லல. சிஸ்டம் எடுத்துக்கல. ஒரு பேப்பர் ஸ்கேன் பண்ணிப் போட்டா எடுத்துக்கும். எந்தப் பேப்பர்னு அது படிக்காது.”

“படிக்காதுன்னா எதுக்கும்மா கேக்குது?”

“கேக்கணும்னு வெச்சிருக்காங்க சார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இத்தன பேரு கொண்டாந்து கொடுக்கறாங்க, உங்களுக்கு மட்டும் கிடைக்கலையா?” என்றாள். இரக்கத்தோடுதான் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றரைக்கு அக்காவிடம் போனேன். அவள் உதடு வெடித்திருந்தது. ஐந்து நாளாக மல்லாந்தே படுத்திருந்தவள். மருமகன் தலைமாட்டில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். நான் சித்தூரில் நடந்ததையும், தாள் கட்டையும், திங்கள்கிழமையையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ பேப்பர் இல்ல,” என்றாள் அக்கா.

“பொய்ப் பேப்பர் வேணாம்னுதான்...”

“டேய். அதுல இன்னா எழுதியிருக்கும்? நானும் நானும் ஒரே ஆளுன்னு தான?”

“ஆமா.”

“அது பொய்யா?”

“அது நெசம்தான். ஆனா நீ அங்க போயி சத்தியம் பண்ணன்னு எழுதியிருக்கும். அது பொய்.”

“நான் நான்தான்றதுக்கு இன்னாத்துக்குடா சத்தியம்? பேர மாத்தி எழுதினவன் சத்தியம் பண்ணானா? அவனப் போயிக் கேளேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “உன் சத்தியம் சுத்தமா இருக்கணும்னு நான் ஒடைஞ்ச காலோட புதன்கிழமை வரைக்கும் கெடக்கணுமா?”

மருமகன் என்னைப் பார்க்காமல், “ஆரஞ்சு துன்னும்மா,” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்தேன். நாலு நாற்பதுக்கு மூன்றாம் மேசை டைப்பிஸ்டுக்கு நானே போன் செய்தேன். என்ன சொல்வதென்று மனதில் ஒரு வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

“நேத்தே அடிச்சு ரெடியா வெச்சிருக்கேன் சார். ஜெராக்ஸ விட்டுட்டுப் போனீங்களே. சாருக்குக் கோவம், பேஷண்டு இன்னா பண்ணுவாங்க பாவம்னுதான். அஞ்சேகால் பஸ்ல டிரைவர் கிட்ட கவர் கொடுத்து அனுப்பிடறேன். பஸ் நம்பர் மெசேஜ் பண்றேன், ஸ்டாண்டுல வாங்கிக்கிங்க.”

எங்கள் பக்கத்தில் அவசரக் காகிதம் அப்படித்தான் போகும். கவரை டிரைவரிடம் கொடுத்து, பஸ் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். ஏழரைக்கு மருமகன் போய் வாங்கி வந்தான். பழுப்புக் கவர், வாய் ஒட்டியிருந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிறவன் நான். அந்தக் கவரைப் பிரிக்கவில்லை. மருமகனிடமே இருக்கட்டும் என்றேன். பார்த்தால் பேச வேண்டிவரும். பேசினால் மறுபடியும் சனிக்கிழமை போய்விடும்.

சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்கு மேசையில் கொடுத்தான். ஒன்பது பத்துக்கு அனுமதி வந்தது. பதினொன்றே முக்காலுக்கு உள்ளே கொண்டு போனார்கள், இரண்டு ஐந்துக்கு வெளியே கொண்டு வந்தார்கள். எலும்பு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நான் கீழே போய்க் காபி குடித்தேன். சந்தோஷம்தான். ஆனால் ஒரு பொய் என் அக்காவை எழுந்து நடக்க வைக்கப் போகிறது, ஒரு நேர்மையான பெண்மணி பலமனேரில் கல்யாணச் சாப்பாட்டில் இருக்கிறார் என்று நினைத்தபோது, டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை அக்காவை ஊருக்குக் கொண்டு வந்தோம். கோப்பில் இருந்த எல்லாக் காகிதத்தின் நகலையும் மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அவள் கட்டிலில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்கு எழுத்து அவளுக்குத் தட்டுத் தடுமாறி வரும். ஒரு தாளை என் பக்கம் நீட்டினாள்.

“இது யாரு?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். மனுதாரர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அதன் கீழே அவள் பெயரும், அடைப்புக்குள் ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்பதும்.

அவள் கத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள். ரேஷன் கடையில் முன்னொரு காலத்தில், இவளைப் பார்த்ததுமே மைப் பெட்டியைத் தள்ளிய ஆளிடம் அதைத் திருப்பித் தள்ளி, அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டவள். முழுப் பெயரையும் தமிழில், கடைசி எழுத்தின் புள்ளி வரை நிதானமாகப் போடுவாள். பின்னால் நிற்கிற வரிசை காத்திருக்கும்.

“கால் ஒடைஞ்சுது சரி,” என்றாள். “என் கையை யாருடா ஒடைச்சது?”

தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“நீ பெருசா பேசினியே அன்னிக்கு. இந்தப் பேப்பரப் பாத்தியா?”

“பாக்கல.”

“பாத்திருக்கணும்.”

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே கொண்டு போய்ப் பார்த்தாள். “சின்ன வெரலு. பொம்பள வெரலு. இங்க குறுக்கால ஒரு தழும்பு பாரு. அரிவாமணைல வெட்டிக்கினு இருக்கறா.” பிறகு, “அவளுக்கும் கையெழுத்துப் போடத் தெரிஞ்சிருந்தா?” என்றாள். “போ. யாருன்னு கேட்டுக்கினு வா.”

மறுநாள் திங்கட்கிழமை பத்தரைக்கு மூன்றாம் மேசையில் நின்றேன். டைப்பிஸ்ட் முதலில் அக்காவின் நலத்தைத்தான் விசாரித்தார். நடக்க ஆரம்பித்துவிட்டாளா, பிடித்துக்கொண்டு நடக்கிறாளா என்றெல்லாம் கேட்டார். நான் நகலை அவர் முன் வைத்தேன்.

“இது யார் ரேகை?”

“ஏன் சார், ஆஸ்பத்திரில இன்னாவது சொன்னாங்களா?”

“இல்ல. என் அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.”

அவர் உண்மையாகவே குழம்பினார். பிறகு, தெரியாதவனுக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு சொன்னார். “சார், ஆளு இல்ல. அவங்க கையெழுத்த நாங்க போட்டா அது ஃபோர்ஜரி. அந்தத் தப்பு இங்க யாரும் பண்ண மாட்டோம். அதனாலதான் ரேகை.”

“இன்னொருத்தர் ரேகைய வெச்சா அது ஃபோர்ஜரி இல்லையா?”

“ரேகைய யாரு சார் பாக்கறாங்க?”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதே முகத்தோடுதான் என்னைப் பார்த்தார்கள். அவர்களிடையே இது ஒரு ஒழுக்கம். கையெழுத்தைக் கள்ளமாகப் போடுவது பாவம். விரலைக் கள்ளமாக வைப்பது வேலை. எழுதத் தெரிந்தவனின் அடையாளத்தைத் தொட மாட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் எல்லாரும் ஒன்றுதான், எந்த விரலும் எந்த விரலுக்கும் ஈடு. அந்தப் பக்கம் தள்ளுவதற்காகவே என் அக்காவின் எட்டு வகுப்பையும் ஒரு வரியில் அழித்திருக்கிறார்கள். அஃபிடவிட் என்ற சொல்லின் திரிபுகளை எழுதி எழுதிப் பார்த்த எனக்கு இப்படி ஒரு திரிபு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

“அன்னிக்கு யாரு வெச்சாங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“அன்னிக்கு யாரு இருந்தாங்களோ. நான் அடிச்சதும் கட்டோட நோட்டரி ஆபீஸ் பையில போச்சு, ரேகையோட வந்துது. நான் இங்க வெக்கல சார்.”

நோட்டரியின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்த குமாஸ்தா, ரேகையெல்லாம் மேசையிலேயே வைத்துத்தான் வரும், இங்கே மைப் பெட்டியே கிடையாது என்றார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மைப் பெட்டி மூடி திறந்து இருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பதிவேட்டைக் கேட்டேன். மனுதாரர் நேரில் வந்தால் காட்டலாம் என்றார்.

“மனுதாரர் நேரில் வந்துதான் ரேகை வைத்தார் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?” என்று தெலுங்கில் கேட்டேன்.

“அப்படியானால் அவருக்கே தெரிந்திருக்குமே, யார் வைத்தது என்று,” என்றார்.

திரும்பி வரும்போது மோர் விற்கும் அம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இடது பெருவிரலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு டம்ளர் மோர் கேட்டேன். இடது கையில் பானை மூடியைப் பிடித்திருந்தாள். விரல் மூடிக்கு உள்பக்கம் இருந்தது. ஒரு பெண்ணின் விரலை உளவு பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. யார் பெயரில் எதில் வைக்கிறாள் என்று தெரிவிக்காமலே விரலை நீட்டச் சொல்லியிருப்பார்கள். அவளிடம் கணக்குக் கேட்க நான் யார்? மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று பிற்பகல் புகார் மனு எழுதினேன். தேதி, நேரம், மேசை, தாள் கட்டு எல்லாம் வரிசையாக, மூன்று பக்கம். நான் எழுதியவற்றிலேயே குறையில்லாத மனு அதுதான். அனுப்பவில்லை. எந்த அஃபிடவிட் என்று முதல் கேள்வி வரும். அந்த அஃபிடவிட்டின் மேல்தான் அக்காவின் அறுவை சிகிச்சை நிற்கிறது. அது பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால், அட்டை ரத்தாகும் வழியை நானே திறந்துவிட்டவன் ஆவேன். அதைத் தருவித்தவனும் நான்தான், நாலு நாற்பதுக்கு, என் போனிலிருந்து. மனு நோட்டுக்குள் மடித்து இருக்கிறது. யாரைத் தொட்டாலும் தொட்டவன் கையிலும் மை ஒட்டுகிற மாதிரி இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. தானாகவே அப்படி அமைந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்காவிடம் போய், கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுவர் வரை நடந்து காட்டினாள். பிறகு நகலைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்து, அந்த ரேகைக்குப் பக்கத்தில், ரேகையின் மேல் படாமல், முன்னெழுத்தோடு தன் பெயரைத் தமிழில் எழுதினாள். கடைசிப் புள்ளி வரை.

“தேதி?” என்றாள். சொன்னேன். அதையும் போட்டாள்.

“இது செல்லாதுக்கா.”

“தெரியும். நீ வெச்சிக்க.”

அந்த நகல் என்னிடம் இருக்கிறது. வீட்டுப் பெயரை நீக்கக் கோரும் திருத்த மனுவையும் இந்த முறை போட்டுவிட்டோம். கையெழுத்து அவளுடையது, தேதி சரி. பதில் வரவில்லை.

இதில் எழுதியிருக்கும் நாள், நேரம் எல்லாவற்றையும் நாட்குறிப்போடும் டிக்கெட்டுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் மிச்சம். பதினோராம் தேதி வியாழக்கிழமை சித்தூரில் என் அக்காவுக்காகப் பெருவிரல் வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. பெண் என்பதும், தழும்பு அரிவாள்மணை வெட்டு என்பதும் அக்கா சொன்னவை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடியில் கீறல் இருந்தாலும் அப்படி ஒரு கோடு விழும். மூலத் தாளை நான் பார்த்ததில்லை. இரண்டும் இன்றுவரை உறுதி செய்யப்படாதவை.